சீம்கேட்டா, என்எஸ்-3யா, மேட்லேபா: ஏழு மணிக்கு ஊமையாகும் தண்ணீர் மீட்டர்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர். ரீடிங்கை ஜிக்பீ என்ற குறைந்த பவர் ரேடியோவில், மாடிக்கொன்றாக வைத்த கேட்வே என்ற சேகரிப்புப் பெட்டிக்கு அனுப்பும். பகலெல்லாம் ஒழுங்காக வரும். சாயங்காலம் ஏழு மணி தாண்டினால் பாதி மீட்டர் ஊமை. "ரீடிங் பந்தில்லா (வரவில்லை) மேடம்" என்று அசோசியேஷன் செயலாளர் போன் செய்யாத நாளே கிடையாது. மீட்டர் விற்ற கம்பெனியோ, "உங்க பில்டிங்ல வைஃபை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஜாஸ்திதான், யார் இல்லை என்றது? எந்த சேனலில், எவ்வளவு, எதை மாற்றினால் தீரும் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. நூற்றுச் சொச்சம் மீட்டரைக் கழற்றி மாட்டிப் பார்க்க முடியாது; சிமுலேஷன், அதாவது கணினியில் போலச் செய்து பார்ப்பதுதான் வழி. அதற்கான மென்பொருள்களில் எதில் செய்வது என்று எனக்கும் என் டீமில் இருக்கும் ஓசூர்த் தம்பிக்கும் இரண்டு வாரம் வாக்குவாதம். நான் சீம்கேட் கட்சி. அவன், "என்எஸ்-3 இல்லாம இது நடக்காதுக்கா" கட்சி. மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்து, "மேட்லேப் லைசென்ஸ் சும்மாதானே கிடக்கு" என்றார்.

எதைத் திறப்பதற்கும் முன்னால் ஒரு கைக்கணக்கு போட்டோம். வீட்டு வைஃபை ரௌட்டர் 20 டிபிஎம்மில் பேசுகிறது (டிபிஎம் என்பது பவரின் அளவு; பத்து டெசிபல் குறைந்தால் பவர் பத்தில் ஒன்றாகிவிடும்). 2.4 கிகாஹெர்ட்ஸில் பத்து மீட்டர் போவதற்குள் சுமார் 60 டெசிபல் கரைந்துவிடும். நடுவில் ஒரு சுவர் இருந்தால் இன்னொரு 10. ஆக கேட்வேக்கு வந்து சேர்வது -50. வைஃபை அதை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரப்புகிறது, ஜிக்பீ ரிசீவர் கேட்பதோ 2 மெகாஹெர்ட்ஸ்தான். பத்தில் ஒரு பங்கு, அதாவது -60. அதே தூரம், அதே சுவர் தாண்டி 0 டிபிஎம்மில் பேசும் மீட்டர் -70இல் வந்து நிற்கும். குறுக்கே பேசுகிறவன் பத்து டெசிபல் உரக்கப் பேசுகிறான். ரௌட்டர் பேசும் நேரத்தில் மீட்டர் சொல்வது எடுபடாது. அந்த "பேசும் நேரத்தில்" என்பதில்தான் எங்கள் சண்டையே இருந்தது.

சீம்கேட்டை நடத்துவது ஐரோப்பிய நாடுகளின் தபால், தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் கூடி வைத்திருக்கும் அமைப்பு, அலுவலகம் கோபன்ஹேகனில். காசு கிடையாது. ஜாவாவில் எழுதியது, சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். முறை மாண்டி கார்லோ. தாயக்கட்டை உருட்டுவது மாதிரிதான்: ஒவ்வொரு உருட்டலிலும் மீட்டர் ஓரிடத்தில் விழும், ரௌட்டர்கள் வேறு வேறு இடத்தில் விழும், அலை வழியில் எவ்வளவு கரைகிறது என்பதும் மாறும். வேண்டிய சிக்னலுக்கும் இடையூறுக்கும் உள்ள வித்தியாசம் நாம் சொன்ன எல்லைக்குக் கீழே போனால் அந்த உருட்டல் தோல்வி. கடைசியில் தோல்விகளை எண்ணினால் இடையூறுக்கான வாய்ப்பு கிடைத்துவிடும். இருநூறு தடவை உருட்டி ஐந்து சதவீதம் என்று வந்தால் அதில் ஒன்றரை சதவீதம் முன்னே பின்னே இருக்கும். இருபதாயிரம் தடவை உருட்டினால் அந்தப் பிழை 0.15 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. இடையூறை இரண்டு கணக்காகப் பிரித்துக் காட்டும். அனுப்புகிறவன் தன் எல்லை தாண்டிக் கசியவிட்டது ஒரு கணக்கு. கேட்கிறவனின் ரிசீவர், பக்கத்து அலைவரிசையைத் தடுக்க முடியாமல் திணறியது இன்னொரு கணக்கு. இது ஏன் முக்கியம் என்பதை சிவாஜிநகரில் கேபிள் டிவி ஹெட்எண்ட் (டிஷ்ஷில் சேனல் பிடித்து வீடுகளுக்கு அனுப்பும் நிலையம்) வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் கேட்க வேண்டும். எதிர் மொட்டை மாடியில் 5ஜி வந்த வாரத்திலிருந்து அவருடைய பெரிய டிஷ்ஷில் தமிழ் சேனல் எல்லாம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. டவர்காரன்மேல் புகார் எழுதுகிறேன் என்று நின்றார்.

டவர்மேல் தப்பில்லை. 2022இல் ஏலம் போன 5ஜி அலைவரிசை 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை. டிஷ் கேட்பது 3700 முதல் 4200. நடுவில் 30 மெகாஹெர்ட்ஸ் காலி. ஆனால் சித்தப்பாவின் பழைய எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் இருக்கும் ரிசீவர் தலை, 3400இலிருந்தே வாயைத் திறந்துவைத்திருக்கும் ரகம். 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் முனகலைக் கேட்க உட்கார்ந்திருப்பவன் காதருகே ஒருவன் ஒலிபெருக்கி வைத்தால் என்ன ஆகும்? அதேதான். இதை சீம்கேட்டில் போட்டால் கசிவுக் கணக்கு சின்னதாகவும் தடுப்புக் கணக்கு பெரிதாகவும் வரும். வைத்தியம் டவரில் இல்லை, எல்என்பி முன்னால் மாட்டும் ஃபில்டரில். மாட்டினார், படம் வந்தது. புகார்க் கடிதம் இன்னும் அவர் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

அதே 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, விமான நிலைய ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டர், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரை இந்த அலைவரிசையில் 5ஜி நிலையம் வைக்க வேண்டாம் என்றது. விமானத்தின் உயரமானி 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது என்பதுதான் காரணம். எவ்வளவு தூரம், எவ்வளவு இடைவெளி, எவ்வளவு பவர் என்று கேட்கும் இந்த மாதிரிக் கேள்விகள் சீம்கேட்டுக்குச் சொந்த ஊர்.

ஆனால் அதற்குக் கடிகாரம் தெரியாது. ஒவ்வொரு உருட்டலும் ஒரு போட்டோ, முந்தைய போட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரௌட்டர் நேரத்தில் இத்தனை பங்கு பேசும் என்று ஒரு எண் கொடுக்கலாம். யாரைக் கேட்டு யார் நிறுத்தினான், யார் திரும்ப அனுப்பினான் என்பது அதில் வராது.

தம்பி பிடித்துக்கொண்டது இதைத்தான். வைஃபை பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும், உண்மை. இன்னொரு வைஃபை என்றால் -82 டிபிஎம்மிலேயே அடையாளம் கண்டு ஒதுங்கும். வைஃபை அல்லாத எதுவாக இருந்தாலும் -62ஐத் தாண்டினால்தான் மதிக்கும். எங்கள் மீட்டர் ரௌட்டருக்கும் பத்து மீட்டரில் -70இல்தான் கேட்கும். அதனால் ரௌட்டர் பாட்டுக்குப் பேசும். ஜிக்பீயோ -75இலேயே அடங்கிவிடும் சாது. ரௌட்டர் ஓயட்டும் என்று காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் கைவிட்டுவிடும். ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி, யூடியூப், பிள்ளைகளின் கேம். மீட்டர் வாய் திறக்க இடமே கிடையாது. இது என்எஸ்-3இல் மட்டும்தான் அப்படியே தெரிந்தது. பாக்கெட் பாக்கெட்டாக, மைக்ரோ வினாடிக் கணக்கில்.

2008இல் முதல் பதிப்பு வந்த இலவச மென்பொருள் அது. சி++, லினக்ஸ், கறுப்புத் திரை. மவுஸ் பிடித்துப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் கண்ணீர் வரும். தம்பியே முதல் ரன்னில் விழுந்தான். மீட்டர் ரீடிங் நூற்றுக்கு நூறு வந்துவிட்டது! "பாத்தீங்களாக்கா, வைஃபையால பிரச்சினையே இல்ல" என்றான். பார்த்தால், வைஃபைக்கு யான்ஸ் என்ற வழக்கமான ரேடியோ மாதிரியைப் போட்டிருக்கிறான். அதற்கு வைஃபையைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. ஜிக்பீ வேறொரு ஊடகத்தில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கட்டிடத்தில் இருப்பதே இரண்டுக்கும் தெரியாது. ஸ்பெக்ட்ரம் வகை மாதிரிக்கு மாற்றி, இரண்டையும் ஒரே ஊடகத்தில் கட்டியபின்தான் ஊமை மீட்டர்கள் வந்தன. தப்பாகப் போட்டாலும் என்எஸ்-3 முகம் சுளிக்காது, அழகான எண்ணைத் தரும். எனக்கு அதில் இருக்கும் பயம் அதுதான்.

மேட்லேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலையின் வடிவத்தையே உருவாக்கி, பிட் பிட்டாகச் சிதைத்துப் பார்க்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து கட்டிடங்களை இறக்கி, அலை எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கோடு போட்டுக் காட்டும். மேனேஜருக்குப் பிடித்தது அந்தக் கோடுகள்தான். வைஃபைக்கு ஒரு டூல்பாக்ஸ், ஆன்டெனாவுக்கு ஒன்று, 5ஜிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்க வேண்டும். சொந்தமாக ரிசீவர் வடிவமைப்பவர்களுக்குச் சரி. மீட்டர் வாங்கி மாட்டுகிறவர்களுக்குக் கொசுவடிக்கப் பீரங்கி.

மற்றவற்றில், நம்ம பெங்களூரின் டெட்காஸ் செய்யும் நெட்சிம் என்எஸ்-3 வேலையைத் திரையும் பட்டனுமாகத் தருகிறது, காசுக்கு. செயற்கைக்கோள் சுற்றுவதெல்லாம் கணக்கில் வர வேண்டுமென்றால் விஷுவலைஸ், ஊர் வரைபடத்தோடு டவர் திட்டமிட ஏடிடிஐ கம்பெனியின் ஹெச்டிஇசட் கம்யூனிகேஷன்ஸ். இரண்டும் பெரிய பட்ஜெட்காரர்களுக்கு.

யாராவது என்னிடம் கேட்டால் இன்னமும் முதலில் சீம்கேட்தான் என்பேன். அரை நாளில் ஆள் பிடிபடுவான். பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கிற ரேடியோக்கள் என்றால் மட்டும் தம்பியைக் கூப்பிட வேண்டும். இந்தக் குடியிருப்பு அந்த ரகம் என்பதால் வாக்குவாதத்தில் அவன்தான் ஜெயித்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தீர்வு என்னவோ இரண்டிலும் ஒன்றாகவே வந்தது. வைஃபை 1, 6, 11 சேனல்களில் உட்கார்ந்தால் ஜிக்பீக்கு 15, 20, 25, 26 ஆகியவை சந்து. அலைவரிசையின் மேல் ஓரத்தில் இருக்கும் 26இல் பல சிப்கள் பவரைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் 25ஐப் பிடித்தோம். ரௌட்டர்களை 1, 6, 11இல் நிறுத்த வீடு வீடாக ஏறி இறங்கியதை எந்த மென்பொருளும் செய்து தராது; ஒரு மாமி காபி கொடுத்து, கூடவே டிவி ரிமோட்டையும் சரிபார்க்கச் சொன்னார்.

இப்போது ஏழு மணிக்கும் ரீடிங் வருகிறது. சி பிளாக் பேஸ்மென்ட் மீட்டர் ஒன்று மட்டும் வருவதில்லை. பம்ப் ரூம் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. வாட்ச்மேன் தினம் காலையில் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.