லேப் அசிஸ்டென்ட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: நான் ஏமாந்த ஓராண்டு

மருத்துவ ஆய்வகத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலைக்குப் போக வேண்டும் என்று பயிற்சி நிலையம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓராண்டுப் படிப்பை முடித்து, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நான் எவ்வளவு ஏமாந்திருக்கிறேன் என்பது அங்கே பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த ஆய்வகத்தின் மூத்த டெக்னாலஜிஸ்ட் ஒரு மேசையில் வெவ்வேறு நிற மூடி போட்ட குழாய்களை வைத்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "நோயாளிக்கு ரத்தம் சரியா வரல. ஊதா மூடிக் குழாய்ல நிறைய இருக்கு, சீரம் குழாய்க்குப் பத்தல. என்ன செய்வீங்க?" (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர்தான் சீரம்; அதைச் சோதிப்பதற்கான குழாய் அது.)

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் வகுப்பில் சொன்னதை அப்படியே சொன்னேன்: "ஊதாவில் இருந்து கொஞ்சம் ஊற்றிச் சமன் செய்துகொள்வேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இதை யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்காக வருத்தப்பட்டுக் கேட்டதுபோல் இருந்தது. பிறகு உட்கார வைத்து விளக்கினார். ஊதா மூடிக் குழாயின் உட்புறம் ஈடிடிஏ பூசியிருப்பார்கள். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் ரத்தம் உறையாது. ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது சரியான குழாய்தான். ஆனால் அதில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த உப்பு. அந்த ரத்தத்தைச் சீரம் குழாயில் ஊற்றினால் முடிவில் பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட மிக அதிகமாக ஏறிக் காட்டும், கால்சியம் இறங்கிக் காட்டும். பொட்டாசியம் மிக அதிகம் என்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்பதால் மருத்துவர்கள் அதை உடனே குறைக்கப் பார்ப்பார்கள். பொட்டாசியம் சரியாக இருக்கும் ஒருவருக்கு அந்த மருந்து போனால் என்ன ஆகும்?

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பணம் போனது, ஒரு வருடம் போனது, அதெல்லாம் அப்புறம். நான் இதைச் சரி என்று நம்பிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன். யாருக்கோ செய்தும் இருப்பேன்.

சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூறு சதவீத வேலை உறுதி, மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி, இன்றைக்கே சேர்ந்தால் கட்டணச் சலுகை என்றார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் மைக்ரோஸ்கோப் முன் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைக் காட்டினார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால், நாற்பது பேருக்கு ஒரே ஒரு மைக்ரோஸ்கோப். குழாய்களை வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று மூலையில் இருந்தது. அது சுற்றி நான் பார்த்ததே இல்லை. எதிரெதிர்த் துளைகளில் ஒரே எடையுள்ள குழாய்களை வைத்துச் சமன் செய்த பிறகே அதை ஓட்ட வேண்டும் என்பதைக்கூடப் பின்னால் வேறு இடத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

ரத்த ஸ்மியர் போடுவதை, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெலிதாகப் பரப்புவதை, ஒரு வீடியோவில் காட்டினார்கள். பார்க்க மிக எளிதாக இருக்கும். ஒரு சின்னத் துளி, இன்னொரு ஸ்லைடைச் சுமார் 30 முதல் 45 டிகிரி சாய்த்து, தயங்காமல் ஒரே தள்ளு. உண்மையில் செய்யும்போது முதலில் தடிப்பாக வரும், பிறகு கோடு கோடாக வரும், விளிம்பு கிழிந்ததுபோல் வரும். நிறைய ஸ்லைடு வீணான பிறகுதான் ஓரத்தில் இறகுபோல் மெலிந்து முடியும் நல்ல ஸ்மியர் ஒன்று கிடைக்கும். கைக்குப் பழக வேண்டிய வேலை அது. அதற்கு ஸ்லைடு, சாயம், ரத்தம், நேரம் எல்லாம் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் வீடியோ காட்டினார்கள் என்று இப்போது புரிகிறது.

ரத்தம் எடுக்கும் வரிசையும் அப்படித்தான். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில் முதலில், பிறகு வெளிர்நீல சிட்ரேட், சீரம், பச்சை ஹெபாரின், ஊதா, கடைசியில் சாம்பல் நிற புளூரைடு என்று ஒரு அட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்தோம். ஒரு குழாயின் மருந்து அடுத்த குழாய்க்குப் போகாமல் இருக்கத்தான் இந்த வரிசை என்று ஒருவரும் சொல்லவில்லை. காரணம் தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொல்லியிருக்கவே மாட்டேன். வெளிர்நீலக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு இருக்கிறது. பாதி மட்டும் நிரப்பி அனுப்பினால் ரத்தம் உறையும் நேரம் தவறாக நீண்டு காட்டும். இதுவும் எங்கள் குறிப்பேட்டில் இல்லை.

ஊசி விஷயத்தை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போட்டுக் காட்டினார் பயிற்சியாளர். அப்படிச் செய்யவே கூடாது. எடுத்த ஊசி மூடாமல் அப்படியே ஊசிப் பெட்டிக்குள் போக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை உண்டு. எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று அந்த ஓராண்டில் எங்களை ஒருவரும் கேட்கவில்லை. வழக்கமான மூன்று தவணை முடியவே ஆறு மாதம் ஆகும். சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மருத்துவமனைப் பயிற்சி என்று இரண்டு நாள் கூட்டிப் போனார்கள். பதிவு மேசையில் பார்கோடு ஒட்டினோம். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. மாதிரியை வாங்குவது, பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே கேட்டுச் சரிபார்ப்பது, ரத்தம் எடுத்த இடத்திலேயே லேபிள் ஒட்டுவது, குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துவைப்பது எல்லாம் லேப் அசிஸ்டென்டின் வேலைதான், மிகப் பொறுப்பான வேலையும்கூட. ஆனால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லாமல் வெறுமனே ஒட்டச் சொன்னார்கள்.

கடைசி மாதம் லாக்புக் கொடுத்தார்கள். இத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தேன், இத்தனை ஸ்மியர் போட்டேன் என்று எழுத வேண்டும். "வேற வேற பேனாவுல எழுதுங்க, ஒரே நாள்ல எழுதினதுன்னு தெரியக் கூடாது" என்றார்கள். நானும் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். சான்றிதழ் நின்றுவிடும் என்ற பயம். அது தப்பு என்று அன்றைக்கே தெரியும். அந்தப் பக்கத்தையும் புகாரோடு சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் அந்தச் சான்றிதழும் செல்லாது. ஆய்வகப் பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பின் பட்டியலில் அந்த நிலையமே இல்லை. சான்றிதழில் பெரிய எழுத்தில் இருந்த 'பன்னாட்டுத் தரம்' என்ற முத்திரை, ஒரு தனியார் நிறுவனம் அலுவலக நிர்வாக முறைக்குக் கொடுத்தது. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இனி சேரப் போகிறவர்கள் நிலையத்திடம் "அங்கீகாரம் இருக்கா" என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உங்கள் பகுதியில் பதிவு செய்யும் அமைப்பு எது என்று பார்த்து, அவர்களிடமே நேராகக் கேளுங்கள். எந்த மருத்துவமனையோடு எத்தனை மணி நேரப் பயிற்சிக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டு, அந்த மருத்துவமனை ஆய்வகத்துக்கும் ஒருமுறை போய் விசாரியுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பயிற்சிக் கூடத்தைப் பாருங்கள். சாயக் கறை படிந்த தொட்டியும் பாதி நிறைந்த ஊசிப் பெட்டியும் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. எங்கள் கூடத்தின் தொட்டி கடைசி வரை பளபளவென்று இருந்தது. எனக்கு அதன் அர்த்தம் அப்போது தெரியவில்லை. அப்புறம், முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள். பணம் திரும்பக் கேட்டபோது, சேர்ந்த பதினைந்து நாளுக்குப் பின் எதுவும் திரும்பாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைத்தான் காட்டினார்கள்.

என்னோடு படித்த சிலர் சின்னச் சின்ன ஆய்வகங்களில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்களில் யாராவது இதைப் படித்தால், ரசீதும் லாக்புக்கும் வைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு மனமில்லை என்றாலும் பரவாயில்லை. ரத்தம் பத்தவில்லை என்றால் மறுபடி எடுங்கள். ஊதாக் குழாயில் இருந்து மட்டும் ஊற்றாதீர்கள்.