அம்மாவை ஊத வைத்த கதை

மூன்று வார விடுப்பில் மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். திண்டுக்கல் பக்கம். அதில் ஒன்றரை வாரம் அம்மாவின் மூச்சுக்கே சரியாகப் போனது.

அம்மாவுக்கு 64 வயது. மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டால், "வீசிங்தான்டா, பனிக்காலம் போனா போயிரும்" என்கிறாள். இந்தப் பதிலை நான் பல வருடமாக போனில் கேட்டு வருகிறேன். உள்ளூர் கிளினிக்கில் ஒரு ஊசி போடுவார்கள், புகை வைப்பார்கள், இருமல் மருந்து எழுதுவார்கள். நெபுலைசரில் மருந்தை ஆவியாக இழுக்க வைப்பதற்கு எங்கள் ஊரில் 'புகை வைப்பது' என்றுதான் பெயர். பழைய சீட்டுகளை ஒரு மஞ்சப்பை நிறைய வைத்திருந்தாள். எல்லாவற்றையும் புரட்டினேன். ஒரு தடவைகூட யாரும் மூச்சை அளந்து பார்க்கவில்லை.

மதுரையில் ஒரு செஸ்ட் டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலை ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கி, பன்னிரண்டரைக்கு உள்ளே போனோம். காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே அவர் கேட்டது, "அடுப்பு என்ன அடுப்பும்மா?"

அம்மா 25 வருடம் இட்லிக்கடை நடத்தியவள். விறகடுப்பு, தினமும் ஆறு மணி நேரம். டாக்டர் ஆறையும் இருபத்தைந்தையும் பெருக்கி 150 என்று எழுதினார். சிகரெட் பிடிப்பவர்களுக்குப் பாக்கெட் கணக்கு, அடுப்படியில் நின்றவர்களுக்கு மணிக் கணக்காம். "நான் வெத்தலகூடப் போட்டதில்லையே" என்றாள் அம்மா, யாரோ பழி சுமத்திவிட்ட மாதிரி.

எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முதலில். அது காசநோய் இல்லை என்று உறுதி செய்வதற்கு. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து மூச்சுக்குழாய் அடைப்பை முடிவு செய்ய முடியாது என்றார். அதற்கு ஸ்பைரோமெட்ரி வேண்டும். அங்கே எல்லோரும் சொல்வது 'ஊதுற டெஸ்ட்'.

அங்கேதான் ஒரு நாள் வீணானது. அம்மா காலையில் இன்ஹேலர் அடித்துவிட்டு வந்திருந்தாள்; அப்படிப் போனால் கணக்கு தப்பிவிடும். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்; வரவேற்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. "நாளைக்கு வாங்க." திண்டுக்கல்லுக்கு ஒரு நடை, மறுபடி மதுரைக்கு ஒரு நடை.

மறுநாள் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்தார்கள். முழு மூச்சு இழுத்து ஒரே வேகத்தில் ஊத வேண்டும், குறைந்தது ஆறு விநாடி நிறுத்தக் கூடாது. டெக்னீஷியன் பெண், "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்றாதீங்க!" என்று கபடிக் களத்தில் கத்துவதுபோல் கத்தினாள். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது, அந்த ஊது செல்லாது. ஏழாவதில்தான் மூன்று நல்ல ஊது தேறின. பிறகு இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்து நான்கு முறை, கால் மணி நேரம் காத்திருப்பு, திரும்பவும் ஊது.

முதல் விநாடியில் வெளியே வரும் காற்று மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதுதான் சூட்சுமம். மருந்துக்குப் பிறகும் 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிரந்தரமாக இருக்கிறது. அம்மாவுக்கு 0.58. முதல் விநாடிக் காற்று மருந்துக்கு முன் 1.02 லிட்டர், பின் 1.09. ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் 200 மில்லிக்கு மேல் ஏறியிருக்கும், 70 மில்லிதான் ஏறியது. "சிஓபிடி" என்றார் டாக்டர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், "பாஸா, ஃபெயிலாடா?"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு 'பனிக்கால வீசிங்' இருந்தால், டிக்கெட் போடும்போதே ஊதுற டெஸ்டுக்கும் தேதி வாங்கிவிடுங்கள். எந்த மருந்தை எத்தனை மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதையும் போனிலேயே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.