விரிவுரை மண்டபமா, வாட்டா, வன்னிக் கிராமமா?

வன்னியில் மல்லாவியிலோ அக்கராயனிலோ நீரிழிவு கிளினிக் நாளில் டொக்டர், தாதி, மருந்து கொடுப்பவர், இரத்தம் சோதிப்பவர் எல்லாரும் பார்ப்பது ஒரே வருத்தக்காரரைத்தான். ஆனால் இவர்கள் படித்து வந்த பாதைகள் வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் 5 வருடம், தாதியமும் மருந்தகவியலும் 4 வருடம். சித்த மருத்துவ மாணவர்கள் கைதடியில். இவர்களை ஆரம்ப சுகாதார சேவைக்காகச் சேர்த்துப் பயிற்றுவிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே பலனைத் தராது.

முதலாவது, பொது விரிவுரை. செலவு இல்லை, நேரசூசியில் இலகுவாகப் போடலாம். ஆனால் 2010இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறைப்படி, மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் படிக்க வேண்டும். ஒரே மண்டபத்தில் பீடம் பீடமாகக் குந்தியிருந்து குறிப்பெடுப்பதில் இந்த மூன்றும் நடக்காது.

இரண்டாவது, பயிற்சி வாட். சுவீடனின் லின்ஷொப்பிங்கில் 1996இல் தொடங்கிய முறை இது. சில கட்டில்களின் பொறுப்பைப் பல துறை மாணவர்களிடம் சேர்த்துக் கொடுத்து, மேற்பார்வையாளர்கள் பின்னால் நிற்பார்கள். தாதியின் காலை வேலை எவ்வளவு என்பதை வைத்திய மாணவர் கண்ணால் காண்கிறார். பிழை விட்டாலும் உடனே திருத்த ஆள் இருக்கு. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் இதைச் செய்தால் நல்லதுதான். ஆனால் வாட்டில் குளிசை நேரத்துக்குக் கைக்கு வரும், சாப்பாடும் வரும். வீட்டில் அப்படியில்லை. ஆரம்ப சுகாதார சேவையின் கஷ்டமே வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்குகிறது.

மூன்றாவது வழி, வன்னியில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தங்கி, கிளினிக்கில் கண்டவரின் வீட்டுக்கும் சேர்ந்து போவது. வன்னியில் எங்கும் காணக்கூடிய ஒருவரை நினைத்துப் பாருங்கள்: யுத்தத்தில் ஒரு காலை இழந்த கமக்காரர், நீரிழிவும் இருக்கு, மிஞ்சிய காலில் ஆறாத புண். வைத்திய மாணவர் புண்ணின் ஆழத்தைப் பார்க்கிறார். மருந்தக மாணவி மருந்துப் பையைக் கொட்டச் சொல்கிறாள். கிளினிக் குளிசைகளோடு, நாரி நோவுக்குக் கடையில் வாங்கிய, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்குளோபினாக் என்ற நோக்குளிசையும் விழுகிறது. சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் குளிசை சின்ன விசயமல்ல. ஆய்வுகூட மாணவர் கிளினிக் கொப்பியில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையைக் கடைசியாக எப்போது செய்தது என்று தேடுகிறார். தாதிய மாணவி கேட்கிறாள்: "ஐயா, வயலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டோ போறியள்?" சேற்றுக்குள் செருப்பா என்று அவர் சிரிக்கிறார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் தண்ணிச் சட்டிக்குள் இருக்கிறது. புண்ணுக்குப் பூசும் எண்ணெயைப் பற்றி டொக்டருக்குச் சொல்லாதவர், சித்த மாணவர் கேட்டால் மறைக்கமாட்டார். ஒருவர் தனியாகப் போயிருந்தால் இதில் பாதி வெளியே வராது.

இதன் சுமையையும் சொல்லத்தான் வேண்டும். முல்லைத்தீவு யாழ்ப்பாணத்திலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். வாகனமும் தங்குமிடமும் வேண்டும். பீடங்களின் பரீட்சைக் காலங்கள் ஒத்துவர வேண்டும். ஏற்கெனவே ஆள் குறைந்த வைத்தியசாலையில் மேற்பார்வையும் அங்குள்ளவர்களின் தலையில்தான் விழும். அவர்களுக்குக் கொடுப்பனவும் நேரமும் ஒதுக்காமல் மாணவர்களை அனுப்புவது அநியாயம்.

அப்படியிருந்தும் என் தெரிவு மூன்றாவதுதான். இரண்டு கிழமை போதும். விரிவுரையை ஒரு காலைக்குள் சுருக்கி அறிமுகமாக வைக்கலாம். வாட்டை வசதி வரும்போது பார்க்கலாம். முதல் நாள் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறவர் டொக்டராக இல்லாமல் குடும்பநல உத்தியோகத்தராக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கர்ப்பிணிகளையும் பிறந்த பிள்ளைகளையும் பார்க்க வீடு வீடாகப் போய் ஊரின் படலையெல்லாம் தெரிந்தவர் அவர்தான். வருங்கால டொக்டர் அவருக்குப் பின்னால் நடந்து பழகட்டும். கடைசி நாளில் ஆளுக்கொரு அறிக்கை வேண்டாம். அந்தக் கமக்காரருக்கு அடுத்த மூன்று மாதம் யார் என்ன செய்வது என்று எல்லாரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, எல்லாருக்கும் ஒரே புள்ளி.