உப்புவெளிக் கடற்கரையில் பகிடி இரவு: அப்பாவின் காதுக்கு எட்டியதா?

"ஸ்டாண்ட் அப் கொமடி எண்டால் என்ன பிள்ளை?" என்று அப்பா கேட்டார். ஒருவர் மட்டும் மைக்கோடு நின்று பகிடி சொல்லுவார், வேஷம் இல்லை, கூட நடிக்க ஆள் இல்லை என்றேன். "அட, 'அண்ணை றைற்' மாதிரி!" என்றார். கே. எஸ். பாலச்சந்திரன் பஸ் கொண்டக்டராகத் தனி ஆளாய் நின்று, முழு பஸ்ஸையும் சனத்தோடு கண்முன் கொண்டுவந்து நிறுத்திய தனிநடிப்பு அது. அப்பாவுக்கு அதில் பாதி மனப்பாடம். சரி, அப்படியென்றால் நானும் வாறன் என்று அவரும் வெளிக்கிட்டார்.

நாங்கள் மொத்தம் ஏழு பேர். அப்பா, மாமி, இவர், நான், பிள்ளைகள் இரண்டு பேர், என் தம்பி. பெரியவர்களுக்கு 1,500 ரூபா, பன்னிரண்டு வயதுக்குக் கீழே 750. ஆக 9,000 ரூபாவும், திருகோணமலையில் டச்சுக்குடாப் பக்கத்தில் இருந்து உப்புவெளிக்குப் போய்வர இரண்டு ஓட்டோவும். எங்களைப் போன்ற வீட்டுக்கு இது சின்னக் காசு இல்லை. அதனால்தான் விபரமாக எழுதுகிறேன்.

நடந்த இடம் ஒரு விடுதியின் கடற்கரை முற்றம். எசல போயா முழுநிலாவுக்கு மறுநாள். மேடையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் கடலைப் பார்த்து இருந்தோம். ஆறு மணிக்கு என்று டிக்கெட்டில் போட்டிருந்தது, தொடங்கும்போது ஆறு ஐம்பது. ஏழேகால் போல பேசுகிறவரின் தோளுக்குப் பின்னால் கடலில் இருந்து நிலா சிவப்பாகக் கிளம்பியது. மகள் "அம்மா, பெரிய தோடம்பழம்" என்று கதிரையில் ஏறி நின்றாள். கிழக்குக் கரையில் இருக்கிற எங்களுக்கு இது மாதாமாதம் கிடைக்கிற காட்சிதான். ஆனாலும் முந்நூறு பேர் ஒன்றாக அண்ணாந்து பார்த்ததை நான் முதல் தடவை கண்டேன்.

அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. ஆடி மாதம், கச்சான் காற்று. மேற்கே தரையில் இருந்து கடலை நோக்கி அடிக்கும், எங்கள் முதுகில் பட்டு மேடைக்குப் போகும். ஸ்பீக்கரின் சத்தம் காற்றை எதிர்த்துத்தான் எங்களிடம் வரவேண்டும். தம்பி பத்து வருஷமாகக் கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன். எதிர்காற்றில் போகிற சத்தம் மேல்நோக்கி வளைந்துவிடும், பின்னால் இருப்பவனின் தலைக்கு மேலாகப் போய்விடும் என்று உட்கார்ந்த உடனேயே சொன்னான். அப்படியேதான் நடந்தது.

நாங்கள் இருந்தது கடைசிக்கு முந்தைய வரிசை. அந்தப் பக்கத்துக்கென்று தனியாக இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள், மேடையில் இருந்து ஒரு முப்பது மீட்டர் தள்ளி. நல்ல எண்ணம்தான். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நேரத்தில் சத்தத்தை விட்டிருந்தார்கள். சத்தம் நொடிக்கு 340 மீட்டர் அளவில் போகும் என்பதால், பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு சொல்லைக் கேட்டு ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்து அதே சொல் மேடையில் இருந்து மறுபடி வந்தது. பாட்டுக் கச்சேரி என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பகிடியில் கடைசிச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அது இரட்டையாக வந்து விழுந்தால் என்ன செய்வது? முன்னால் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அப்பா என் முகத்தைப் பார்க்கிறார். காது மெசினைக் கழற்றித் துடைத்துப் போட்டார். திருப்பிக் கழற்றினார். "எனக்குத்தான் விளங்கேல்ல போல" என்று மெல்லச் சொன்னார்.

அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன். விளங்காதது அவருடைய பிழை இல்லை. குடும்பத்தோடு வாருங்கள் என்று விளம்பரம் போட்டால், எழுபத்தைந்து வயது மனுசனின் காதையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

தம்பி எழும்பிப்போய் மிக்சரில் இருந்த பொடியனோடு கதைத்தான். அந்தப் பொடியன் கோபிக்கவில்லை, அதற்கு என் நன்றி. பின் ஸ்பீக்கரின் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும்படி டிலே போட்டான். மைக்கில் காற்று இரைந்துகொண்டிருந்ததற்கு, பெட்டிக்குள் சும்மா கிடந்த பஞ்சு உறையை எடுத்து மாட்டினான். ஐந்து நிமிஷ வேலை. சனம் வருவதற்கு முன்னால் ஒருவர் கடைசி வரிசையில் இருந்து கேட்டுப் பார்த்திருந்தால் போதும். ஒழுங்குபடுத்தியவர்களில் ஒரு தங்கச்சி வந்து அப்பாவையும் மாமியையும் மூன்றாம் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனா. துணைக்கு நானும் போனேன்.

முதலில் பேசிய இளைஞரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனைவியின் உடம்பைப் பற்றி நாலு பகிடி, சமையலைப் பற்றி ரெண்டு. மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தா. ஊத்தைச் சொல் எதுவும் வரவில்லைதான். ஆனாலும் பக்கத்தில் இருக்கிற பெண்பிள்ளை கூசுகிற பகிடியைக் குடும்பப் பகிடி என்று நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது வந்தவர் மட்டக்களப்பு. முப்பது வயது இருக்கும். முதல் வசனமே காற்றைப் பற்றி: "நம்மட கிழக்கில அடிக்கிற காத்துக்கும் கச்சான், கொறிக்கிற கடலைக்கும் கச்சான். ஒண்டு வாயை மூடப் பண்ணும், மற்றது திறக்கப் பண்ணும்." அந்த நேரம் பாதிச் சனத்தின் கையில் கச்சான் சரை இருந்தது.

பிறகு யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போன கதை. மட்டக்களப்பில் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்பார்கள். இவர் பெரியவரிடம் போய், "சேர், நான் பைலைக் குடுத்த, மறுகா அவர் கையெழுத்து வெச்ச, மறுகா கொண்டு வந்த" என்று ஒப்புவிக்கிறார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆர் தம்பி அந்த மறுகா? ஆளை வரச் சொல்லும்" என்கிறார். அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதற்கு மட்டும் அவர் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அங்கேயே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

அப்பா மட்டக்களப்புக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் அலுவலகத்தில், ஆறு வருஷம் கிளாக்கராக இருந்தவர். சத்தம் இல்லாமல்தான் சிரித்தார். ஒரு கை முழங்காலைப் பிடித்திருக்க, தோள் இரண்டும் குலுங்கின. மற்றக் கையால் கண்ணைத் துடைத்தார். அம்மா போன பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் மான்களையும் அவர் விடவில்லை. கொழும்பில் இருந்து வந்தவன் மானைக் கண்டால் போனை எடுப்பான், திருகோணமலைக்காரன் மானைக் கண்டால் கேற்றைப் பூட்டுவான் என்றார். "உண்மைதான் தம்பி!" என்று மாமி வாய்விட்டே சொல்லிவிட்டா. கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் வேலி வரைக்கும் வரும். அவர் பேச்சை நிறுத்திவிட்டு மேடை ஓரத்துக்கு வந்து, "அம்மா, உங்களுக்கு எத்தனை மரம் போச்சு?" என்றார். "மூண்டு செவ்வரத்தை." "அந்த மூண்டுக்கும் ஒரு நிமிஷம் எழும்பி நிப்பமா?" முழுச் சனமும் எழும்பியது, மாமியும் சேர்ந்து. அவவை வைத்துச் சிரிக்கவில்லை, அவவோடு சேர்ந்து சிரிக்க வைத்தார். சபையில் ஒருவர் வாய் திறந்தால் அவரைக் கேலி பண்ணிச் சமாளிப்பது சுலபம். மரியாதையோடு கதைக்குள் கொண்டுவர நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

ஏழே முக்கால் போல இஷா பாங்கு கேட்டது. அவர் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்தார். எங்களுக்கு முன்னால் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு குடும்பம், உம்மா, வாப்பா, நாலு பிள்ளைகள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அலைச் சத்தமும் பாங்கும் மட்டும். முடிந்ததும் எழும்பி, விட்ட சொல்லில் இருந்தே தொடர்ந்தார். திறந்தவெளியில் சிரிப்பைத் தாங்கிப்பிடிக்கக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. மண்டபத்தில் பத்துப் பேர் சிரித்தால் நூறு பேருக்குத் தொற்றும், இங்கே சிரிப்பு கடலோடு போய்விடும். அதற்குப் பயந்து அவர் வேகமாகப் பேசவில்லை. ஒவ்வொரு பகிடிக்குப் பிறகும் பின்வரிசை வரைக்கும் பார்த்து நின்றார்.

மற்றவை: இறால் வடை சூடாக இருந்தது, ஒன்று 150 ரூபா. நெக்டோ குளிர் காணாது. கழிவறை துப்புரவு, ஆனால் அங்கே போகிற மணல் பாதையில் வெளிச்சம் இல்லை. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு போன் லைட்டில் போனோம். மணலில் பிளாஸ்டிக் கதிரையின் பின்கால் புதைகிறது, வயதானவர்களுக்கு அடியில் ஒரு பலகை போட்டுக் கொடுக்கலாம். நுளம்பு காற்றால் பறந்துவிட்டது, அது மட்டும் கச்சானின் புண்ணியம்.

முடிந்து போகும்போது அந்தத் தங்கச்சியிடம் மூன்று விஷயம் சொன்னேன். மேடையைத் தரைப்பக்கம் வைத்துக் கடலைப் பார்க்கத் திருப்பினால் காற்றே சத்தத்தைச் சனத்திடம் கொண்டுவரும், நிலாவை இடைவேளையில் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். முன் மூன்று வரிசையில் ஒரு பக்கத்தை வயதானவர்களுக்கு விடுங்கள். முதலில் பேசுகிறவரின் பகிடிகளை முன்கூட்டியே ஒருதரம் கேட்டுப் பாருங்கள். அவ போனில் குறித்துக்கொண்டா. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் கடற்கரையில் ஒன்றும் செய்ய ஏலாது, அதனால் ஆவணியில் இன்னொரு நிகழ்ச்சி வைக்கப் பார்க்கிறோம் என்றா. அதே மட்டக்களப்புத் தம்பி வந்தால் நாங்களும் வருவோம் என்றேன்.

ஓட்டோவில் அப்பா ஒன்றும் பேசாமல் வந்தார். கோட்டை வாசல் தாண்டும்போது ரோட்டோரம் ஒரு மான் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றது. "மறுகா?" என்றார் அதைப் பார்த்து. மகள் மடியில் நித்திரை, மகன்தான் முதலில் சிரித்தான்.