பென்னி லெனார்ட், பார்னி ராஸ்: 135 பவுண்டிலிருந்து 147க்கு

இருவரும் யூதக் குத்துச்சண்டை வீரர்கள், லைட்வெயிட் (135 பவுண்டு வரையிலான எடைப்பிரிவு) உலகச் சாம்பியன்கள். இருவரில் யார் எதில் மேல் என்று பார்ப்போம். நியூயார்க்கின் லெனார்ட் 1917இல் பிரெடி வெல்ஷை வீழ்த்திப் பெற்ற பட்டத்தை 1925இல் தானே துறக்கும்வரை யாரிடமும் இழக்கவில்லை. இடது கை ஜாப் (நேராக விடும் விரைவுக் குத்து), போக்குக் காட்டி எதிராளியின் தற்காப்பைத் திறக்கவைப்பது: அந்த நுட்பத்தில் அவர்தான் மேல்.

ஆனால் 147 பவுண்டு வெல்டர்வெயிட்டில் கதை வேறு. 1922இல் அந்தப் பிரிவின் சாம்பியன் ஜாக் பிரிட்டனை லெனார்ட் 13ஆம் சுற்றில் தரையில் வீழ்த்தினார்; பிரிட்டன் கீழே இருக்கும்போதே மறுபடி குத்தியதால் லெனார்ட் தகுதிநீக்கம். சிகாகோவில் வளர்ந்த ராஸ் இரண்டு பிரிவிலும் பட்டம் வென்று அதைச் சாதித்தார். 1933இல் டோனி கான்சோனெரியிடமிருந்து லைட்வெயிட் பட்டம், 1934இல் ஜிம்மி மெக்லார்னினிடமிருந்து வெல்டர்வெயிட் பட்டம்; வெல்டர்வெயிட்டை அதே ஆண்டு மெக்லார்னினிடம் இழந்து, 1935இல் மீட்டார்.

இதே மெக்லார்னின் 1932இல் லெனார்டை 6ஆம் சுற்றில் தோற்கடித்ததை வைத்து இருவரையும் எடைபோடுவது நியாயமில்லை. 1929 பங்குச்சந்தைச் சரிவில் பணம் இழந்து, 36 வயதில் வேகம் போய் நின்ற லெனார்ட் அது.

தாங்கும் திறனில் ராஸுக்கு நிகரில்லை. 1938இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கிடம் 15 சுற்றும் அடி வாங்கியும் சண்டையை நிறுத்த விடவில்லை. அதுவே அவரது கடைசிப் போட்டி. தொழில்முறை வாழ்வில் ஒருமுறைகூட நாக்அவுட் ஆகாதவர்.