நேர் ரோட்டுக்கு எதற்கு இந்த ஸ்டெபிலைசர் பார்? என் டொயோட்டா 86 காரில் நான்கு வருடம்

கிளிநொச்சியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதை எங்க கொண்டுபோய் ஓடுவாய்?" ஞாயமான கேள்வி. ஏ-9 ரோட்டு ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை பெரும்பாலும் கயிறு பிடித்ததுபோலக் கிடக்கிறது. 70ஐத் தாண்டினால் மரநிழலில் பொலிஸ் நிற்கும். இந்த லட்சணத்தில், முடக்கில் கார் சாயாமல் இருப்பதற்காக 140,000 ரூபாய்க்குக் கிட்டச் செலவழித்து முன்னும் பின்னும் ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது சில்லுகளை இணைக்கும் இரும்புக் கம்பி) மாற்றினேன். டொலர் 200 ரூபாயாக இருந்த 2021இல் எடுத்தது. "உனக்குக் காசு கூடிப்போச்சு" என்றார் அம்மா.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார் பல மாதம் தென்னோலைக்குக் கீழே நின்றது. அதைக் கழித்துப் பார்த்தால் 38,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன்.

கார் 2013 டொயோட்டா 86. கொம்பனியிலிருந்து வரும்போது முன் பார் 18 மி.மீ., பின் பார் 14 மி.மீ. நான் போட்டது 20உம் 16உம். இரண்டு மில்லிமீற்றருக்கா இவ்வளவு காசு என்று தோன்றும். ஆனால் இது முறுகி வேலை செய்யும் கம்பி. முறுக்கை எதிர்க்கும் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கணக்குப் போட்டால் முன்னால் பாதிக்கு மேலும், பின்னால் கிட்டத்தட்ட 70 சதவீதமும் இறுக்கம் கூடுகிறது. அதற்கு மேல், பாரின் இரண்டு நுனியிலும் வரிசையாக ஓட்டைகள் உண்டு. பாரின் நுனியைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பிதான் லிங்க். அதை உள்பக்க ஓட்டையில் பூட்டினால் நெம்புகோல் குட்டையாகும், இறுக்கம் கூடும். வெளி ஓட்டையில் பூட்டினால் இளகும். என் செட்டில் முன்னுக்கு இரண்டு ஓட்டை, பின்னுக்கு மூன்று.

பூட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் சரியாகப் பூட்டுவது வேறு வேலை. முதல் தடவை நானும் நண்பனும் ஜக்கில் தூக்கி வைத்து ஒரு பின்னேரத்தில் முடித்தோம். அடுத்த நாள் இடப்பக்க முடக்கில் ஒரு மாதிரியும் வலப்பக்க முடக்கில் இன்னொரு மாதிரியும் கார் திரும்பியது. குழி வெட்டிய கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் கொண்டுபோனேன். கீழே இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, ஜக்கில தூக்கி வைச்சு லிங்க் பூட்டினா ரெண்டு பக்கமும் சரி பாக்கேலாது. சும்மா நிக்கேக்கயே பார் முறுகி நிக்குது. நிலத்தில நிக்கிற பாரத்தோட பூட்டவேணும். உன்ர எடை என்ன?"

74 கிலோ என்றேன். பக்கத்துக் கடையில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை இரவல் வாங்கி ஓட்டுநர் சீற்றில் அடுக்கினார். பிறகு ஒரு பக்க லிங்கின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, போல்ட் கையாலேயே ஓட்டைக்குள் வழுக்கிப் போகும்வரை சரிசெய்தார். சுத்தியலால் தட்டவேண்டி வந்தால் பார் முறுகி நிற்கிறது என்று அர்த்தம். நீளம் மாற்றக்கூடிய லிங்க் ஒரு சோடியாவது எடுக்காமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம் என்பது அன்று படித்தது. நட்டுகளின் மேல் மனுசியின் நகப்பூச்சால் கோடு போட்டுவைத்திருக்கிறேன். கோடு விலகினால் நட்டு இளகுகிறது என்று தெரியும்.

சரி, வன்னியில் இதனால் என்ன பயன்? முடக்கு இல்லாத ஊரில் கார் எங்கே சாய்கிறது?

காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஓடிப் பாருங்கள். ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நீங்கள் மற்றப் பாதிக்கு மாறவேண்டும், எதிரே உழவு இயந்திரம் வந்தால் உடனே திரும்பவேண்டும். நெல் இல்லாத இடத்தில் மாடு படுத்திருக்கும். இப்படி வலம் இடம் என்று அடுத்தடுத்து வெட்டும்போதுதான் பழைய பார் காட்டிக்கொடுக்கும். கார் ஒரு பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்வு அடங்குவதற்கு முன் மறுபக்கம் எறியும். புதிய பார் போட்ட பிறகு அந்த எறிதல் இல்லை. ஸ்டியரிங் திருப்பிய உடனே கார் வருகிறது, நேராக்கிய உடனே ஆடாமல் நேராகப் போகிறது. வேகம் கூடவில்லை, 50இல்தான் போகிறேன். பதற்றம் போய்விட்டது. தருமபுரத்தடியில் ஒரு கன்று திடீரென்று எழும்பியபோது இதற்குக் கொடுத்த காசு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

உள் ரோட்டில் கதை வேறு. பார் இரண்டு சில்லையும் ஒன்றோடொன்று கட்டிவைக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு சில்லும் ஒன்றாக ஏறினால் பார் வேலை செய்யாது, வித்தியாசம் தெரியாது. ஆனால் நமது கிரவல் ரோட்டுக் கிடங்குகள் ஒரு சில்லுக்கென்றே அளவெடுத்து வெட்டியவை. இடது சில்லு விழ, வலது பக்கமும் சேர்ந்து இழுபடும். உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமும் ஆடும். அம்மா ஒருநாள் குளக்கட்டு ரோட்டில் பாதி வழியில் இறங்கி நடந்தே வந்தார். அடிப்பாகம் நிலத்திலிருந்து 130 மி.மீ. உயரத்தில் மட்டுமே உள்ள காருக்கு இது முதல் குறையும் இல்லை, கடைசிக் குறையும் இல்லை. ஆனாலும் இது பார் கொண்டுவந்த குறை.

இனி என் முட்டாள்தனம். ஆசையில் பின் பாரை மூன்றாவது, அதாவது ஆக இறுக்கமான ஓட்டையில் பூட்டி வைத்திருந்தேன். காய்ந்த தாரில் கார் முயல்குட்டி மாதிரித் திரும்பியது. கார்த்திகை மாதம், ஒட்டுசுட்டான் தாண்டி ஒரு முடக்கு. வயலிலிருந்து ஏறிய உழவு இயந்திரம் ரோட்டில் சேறு விட்டுப் போயிருந்தது, மேலே மழைத்தூறல். 40க்கும் குறைவான வேகத்தில் பின்பக்கம் விலகி, நான் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிப்பதற்குள் கார் பாதி ரோட்டைக் குறுக்கே பார்த்துவிட்டது. எதிரே ஒன்றும் வராதது பிள்ளையார் புண்ணியம். பின்பக்கத்தை இறுக்கினால் முடக்கில் பாரம் வெளிப்பக்கப் பின் சில்லுக்குக் கூடுதலாகப் போகிறது. ஈரத்தில் அந்த ரயர்தான் முதலில் கைவிடும். படித்திருந்தேன், ஆனால் படித்தது அன்றுதான் விளங்கியது.

அடுத்த நாளே பின்னால் வெளி ஓட்டைக்கு மாற்றினேன். இப்போது என் வழக்கம்: புரட்டாசி கடைசியில் பின்னுக்கு இளகல், தை கழிந்து மழை விட்டதும் நடு ஓட்டை. முன்னால் எப்போதும் இளகல். மூன்றாவது ஓட்டையில் இப்போது துருதான் இருக்கிறது. மாற்றுவதற்குக் குழியில் அரை மணி நேரம் போதும்.

அடுத்தது புழுதி. செட்டோடு வந்த லிங்க் மூட்டுகளுக்கு றப்பர் உறை இல்லை. பந்தய ஓடுபாதைக்குச் சரி, செம்மண்ணுக்குச் சரிவராது. 14 மாதத்தில் 'டக் டக்' தொடங்கியது. முறிகண்டியில் கச்சான் வாங்க ஓரம் கட்டும்போது ஒரு சில்லு மட்டும் தார் விளிம்பிலிருந்து கீழே இறங்கும். அந்த இடத்தில்தான் முதலில் கேட்டேன். விற்றவர் "அது தேய்கிற சாமான்" என்று கைகழுவிவிட்டார். உறை போட்ட லிங்க் வாங்கி மாற்றினேன், இன்றுவரை சத்தமில்லை. வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

பார் உட்காரும் பொலியூரித்தேன் புஷ்களும் (றப்பர் மாதிரியான வளையங்கள்) கிறீஸ் காய்ந்தால் பழைய கட்டில் மாதிரிக் கிறீச்சிடும். சாதாரண கிறீஸ் ஒரு மாரியில் கழுவுப்பட்டுப் போகிறது. சிலிக்கன் கிறீஸ்தான் வேண்டும். நான் கொழும்பு போகும்போது பஞ்சிகாவத்தையில் வாங்கி வருவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசுகிறேன்.

மாத்தளை தாண்டிக் கண்டிக்குப் போகும் வளைவுகளில் ஓடினேனா என்றால், ஓடினேன், இரண்டு தடவை. சுகமாகத்தான் இருந்தது. வருடத்தில் ஒரு நாள் சுகத்துக்காக யாரும் இதை வாங்கவேண்டாம்.

உங்கள் காரின் ஷொக் அப்சோபர் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தால், ரயர் மொட்டையாக இருந்தால், அதை முதலில் பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்: பார் போட்டு ஒரு வருடத்துக்குப் பிறகுதான் நல்ல 215/45 அளவு ரயர் நான்கு போட்டேன். ஈரத்தில் அந்த நான்கு ரயரும் தந்த நம்பிக்கையை எந்த ஓட்டையும் தரவில்லை. இன்று மறுபடி வாங்குவதென்றால் பின் பாரை மட்டும், அதுவும் உறை போட்ட லிங்கோடு எடுப்பேன். முன்னுக்குக் கொம்பனி 18ஐயே விட்டுவிடுவேன். அது இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, அம்மாவின் நெல் மூட்டைகளுக்குப் பின்னால்.