க்ரியோ டிராயிங்கில் டேட்டம் பிளேன்: 14 வருட அனுபவம்

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன டூல் ரூமில் ஃபிக்ஸ்சர் (வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) டிசைன் பார்க்கிறேன். 2010-ல் சேர்ந்தபோது ப்ரோ-இ வைல்ட்ஃபயர் 4; இன்று க்ரியோ எனப்படும் 3டி டிசைன் மென்பொருளின் பழைய பெயர் அது. பிறகு க்ரியோ 2, இப்போது க்ரியோ 7. மாடலிங் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. என் நேரத்தை அதிகம் தின்றது டிராயிங்தான். அதிலும் வியூவை, அதாவது மாடல் ஒரு பக்கத்திலிருந்து தெரியும் படத்தை, திருப்பும்போது டேட்டம் பிளேன்கள் (அளவெடுக்க ஆதாரமாக வைக்கும் கற்பனைத் தளங்கள்) காட்டும் கண்ணாமூச்சி.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மாடல்ல பிளேன் தெரியுது, டிராயிங்ல ஏன் சார் காணோம்?" என்பதுதான். ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து விளிம்பு மட்டும் தெரியும்படி கண்ணுக்கு நேராகப் பிடிக்கச் சொல்வேன். கோடாகத் தெரியும். டிராயிங்கில் பிளேன் அந்த நிலையில் இருந்தால்தான் வரும். டிக்கெட்டைக் கொஞ்சம் சாய்த்தால் கோடு போய்விடும். ஆகவே திருப்புவதில் இரண்டு வகை உண்டு. காகிதத்தின் தளத்திலேயே வியூவைச் சுழற்றினால் கோடும் கூடவே சுழலும், ஒன்றும் காணாமல் போகாது. செங்குத்து அச்சையோ கிடை அச்சையோ பற்றிச் சுழற்றினால்தான் சில பிளேன்கள் மறையும், சில நிற்கும், வேறு சில புதிதாக முளைக்கும். மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரியும் ஐசோமெட்ரிக் வியூவில் ரைட், டாப், ஃப்ரன்ட் என்ற அடிப்படைப் பிளேன்கள் மூன்றுமே விளிம்பாக இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2013 என்று நினைவு. ஒரு பிராக்கெட்டுக்கு டிரில்லிங் ஃபிக்ஸ்சர், அதில் 30 டிகிரி சாய்ந்த துளை ஒன்று. துளை நேராகத் தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார். வியூ ப்ராப்பர்ட்டீஸில் ஆங்கிள்ஸ் முறையை எடுத்து, ஃப்ரன்ட் வியூவை செங்குத்து அச்சில் 30 டிகிரி திருப்பினேன். துளை அழகாக வந்துவிட்டது. டாப் பிளேன் கிடைக்கோடாக அப்படியே நின்றது, அதன் மேல் இருந்த சி டேக்கும் (டேட்டத்தின் பெயர் எழுதிய கட்டம்) நின்றது. ரைட் பிளேன் இப்போது விளிம்பாக இல்லை. அதோடு பி டேக்கும் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டது. டாப் வியூவில் இன்னொரு பி இருந்ததே என்று கேட்கலாம். ஒரே டேக் இரண்டு இடத்தில் எதற்கு என்று அதை முன்பே நானே எரேஸ் செய்திருந்தேன்.

துளை தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் பொசிஷன் டாலரன்ஸ் கட்டத்தில் ஏ, பி, சி மூன்றும் இருந்தன. ஷீட்டில் பி மட்டும் எங்கும் இல்லை. செக் செய்தவரும் கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்ஷனிலிருந்து போன்: "சார், பி எங்கே இருக்கு? ஜாபை சர்ஃபேஸ் பிளேட்ல வெச்சுட்டு நிக்கறேன்." அது நியாயமான கேள்வி. சர்ஃபேஸ் பிளேட் என்பது அளப்பதற்காகப் பொருளை வைக்கும் தட்டையான கிரானைட் கல். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எந்த முகத்தை அந்தக் கல்லோடு சேர்த்து நிறுத்த வேண்டும் என்பதை டிராயிங்தானே சொல்ல வேண்டும்! டாப் வியூவில் அன்எரேஸ் செய்ய இரண்டு நிமிடம் ஆனது. ரிவிஷன் போட்டு, பிரிண்ட் எடுத்து, பழைய பிரிண்டுகளைத் தேடித் திரும்ப வாங்க அரை நாள் போனது.

அப்போது எங்கள் சீனியர், தருமபுரிக்காரர், ஒரு வழி சொன்னார்: "டூல்பார்ல ஆன் ஆஃப் பண்றத விடு தம்பி. லேயர்ல வை." லேயர் என்பது ஒன்றாகக் காட்டவோ மறைக்கவோ கூடிய ஒரு குழு. மேலே இருக்கும் பிளேன் டிஸ்ப்ளே பட்டன் எல்லா வியூவுக்கும் ஒன்றுதான். ஒரு வியூவில் மட்டும் வேண்டும் என்றால் அது உதவாது. லேயர் ட்ரீயில் மேலே உள்ள பட்டியலில் டிராயிங்குக்குப் பதிலாக அந்த வியூவைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு மட்டும் பிளேன் லேயரை மறைக்கலாம். ஸ்டார்ட் பார்ட்டிலேயே (புது மாடலைத் தொடங்கும் டெம்ப்ளேட்) பிளேன்கள் தானாகப் போய்ச் சேரும் லேயர் இருந்தால் வேலை பாதி முடிந்தது.

இதிலும் ஒரு பொறி உண்டு. லேயரை மறைத்துவிட்டு ஃபைலை சேவ் செய்தால் மட்டும் போதாது. லேயர் ட்ரீயில் சேவ் ஸ்டேட்டஸ் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மறுநாள் திறக்கும்போது எல்லாம் பழையபடி நிற்கும். இதை ஏன் இப்படி வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு மாதம் நான் கம்ப்யூட்டரையும் கரண்ட் கட்டையும் திட்டிக்கொண்டிருந்தேன். மாடலில் வேறொருவர் லேயரை மாற்றினால் அது டிராயிங்கில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. அதைத் தடுக்க டிராயிங் செட்டிங்கில் இக்னோர் மாடல் லேயர் ஸ்டேட்டஸ் இருக்கிறது.

லேயரைவிட எனக்கு அதிகம் பலன் தந்தது வேறொரு பழக்கம். முன்பெல்லாம் வியூவை நிறுத்த ஜியாமெட்ரி ரெஃபரன்ஸ் முறையில் பிளேன்களைத்தான் கிளிக் செய்வேன். அதற்காக பிளேனை ஆன் செய்ய வேண்டும், முடிந்ததும் ஆஃப் செய்ய வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்கும். இப்போது மாடலிலேயே வியூ மேனேஜரில் தேவையான கோணத்தைப் பெயர் வைத்து சேமித்துவிடுகிறேன். டிராயிங்கில் அந்தப் பெயரை எடுத்தால் போதும், பிளேனைத் தொடவே வேண்டாம். புது டிசைனர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றுதான்.

க்ரியோ 4-ல் டேட்டம் குறிக்கும் முறையே மாறியது. பிளேனுக்கே ஏ, பி என்று பெயர் சூட்டுவது போய், டேட்டம் சிம்பல் தனி அனோட்டேஷனாக வந்தது. பரப்பிலோ அளவிலோ நேராக ஒட்டலாம். டிராயிங் தரநிலையின்படியும் (ASME Y14.5) அதுதான் சரி, ஏனென்றால் டேட்டம் ஃபீச்சர் என்பது தொட்டு அளக்கக்கூடிய பரப்பு, பிளேன் கற்பனை. மாறிய புதிதில் முணுமுணுத்தேன். இப்போது பழைய முறைக்குப் போகச் சொன்னால் போக மாட்டேன். ஒரு குறை மட்டும் பாக்கி: வியூவின் கோணத்தை மாற்றும்போது, இந்த ஷீட்டில் எந்த டேட்டத்துக்குச் சிம்பல் இல்லை என்று ஒரு வரி எச்சரிக்கை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எங்கள் சர்வரில் வைல்ட்ஃபயர் காலத்து டிராயிங்குகள் இன்னும் கிடக்கின்றன. கட்டத்துக்குள் இருபுறமும் சிறு கோடு போட்டு ஏ என்று எழுதிய 1982 தரநிலைப் பாணி டேக்குகள்கூட அவற்றில் உண்டு. 1994 தரநிலையிலேயே முக்கோணத்துக்கு மாறிவிட்டார்கள். ரிப்பீட் ஆர்டர் வந்து அப்படி ஒன்றைத் திறக்க நேர்ந்தால், வியூவைத் திருப்பும் முன் ஏ, பி, சி எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்கிறேன். அதற்கு இதுவரை வேறு வழி கிடைக்கவில்லை.